கரையோரத்துக் கல்விக் கதை – 9: நேரசூசிக்குள் வந்த சமயம்

காயல்பட்டினத்துப் பிள்ளையும் கல்முனைப் பிள்ளையும் பேசுவது தமிழ். இருவரும் வீட்டில் ஓதுவது ஒரே குர்ஆன். ஆனால் காயல்பட்டினத்துப் பிள்ளை அரசுப் பள்ளியில் சேர்ந்தால் அங்கே சமய வகுப்பு கிடையாது. முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்விநிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை. கடலுக்கு இந்தப் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில், நிலைமை தலைகீழ். கல்முனைப் பிள்ளைக்குத் தரம் 1 முதல் 11 வரை இஸ்லாம் ஒரு பாடம். புத்தகத்தை அரசாங்கமே அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானத்தோடு சமயமும் கட்டாயம். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலே கிடக்கும் காரைதீவில் அதே பாடவேளையில் சைவநெறி நடக்கும். ஒரு பாடசாலையில் ஒரு சமயத்துக்குப் பதினைந்து பிள்ளைகளாவது இருந்தால் அந்தச் சமயத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். எண்ணிக்கை குறைந்து, தன் சமயம் அங்கே கற்பிக்கப்படாவிட்டாலும் பாடத்திலிருந்து பிள்ளை விலகிக்கொள்ள முடியாது.

இந்த ஏற்பாட்டைக் கொழும்பு தன் வசதிக்காகச் செய்து நம் தலையில் கட்டியது என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். பெளத்தத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்க வேண்டியிருந்தது, மற்றச் சமயங்களுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் அதில் பாதி உண்மை இருக்கலாம். இந்தக் கரையோரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை வேறு. ஏறத்தாழ நூறு வருடம் அரசாங்கத்தின் கல்விக்கும் மிஷன் கல்விக்கும் முகம் கொடுக்காமல் இருந்த ஒரு சமூகம், உள்ளே வருவதற்கு வைத்த நிபந்தனைதான் அந்தச் சமயப் பாடவேளை. அந்த நிபந்தனை எப்படி உருவானது என்பதே இந்தப் பகுதி.

பழைய கரவாகுப்பற்றிலும் நிந்தவூர்ப்பற்றிலும் அக்கரைப்பற்றிலும் பிள்ளைக்குக் கல்வி இல்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அவர்கள் எண்ணியது பதிவுப் புத்தகம் இருக்கும் பள்ளிக்கூடத்தை மட்டும். விடியற்காலையிலும் மஃரிபுக்குப் பின்னரும் லெப்பையின் வீட்டு விறாந்தையில் நடந்த ஓதல் அந்தக் கணக்கில் வரவில்லை. அலிபும் பேயும் பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, குர்ஆனைத் தமாம் பண்ணும் வரைக்கும் பிள்ளை அங்கே போகும். அதோடு அரபுத் தமிழும் சேரும். அரபு எழுத்தில் தமிழைப் படிக்கும் அந்தப் பழக்கம் குறிப்பாகப் பெண்களிடம் ஆழமாக இருந்தது. கச்சேரிப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் ஒரு பெண், அரபுத் தமிழில் அச்சான ஒரு மார்க்கக் கிதாபைத் தடங்கலில்லாமல் படிக்கக்கூடியவளாக இருந்திருக்கலாம். அவளை எழுத்தறிவில்லாதவள் என்று எழுதிய கணக்கெடுப்பாளர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த எழுத்துக்குள் அவள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த விறாந்தையில் கணிதமில்லை, ஆங்கிலமில்லை, காணி உறுதியைப் படிக்கும் தமிழும் இல்லை. வயலும் மாடும் வைத்திருந்தவனுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. பிறகு வரிக்காரனும் நீதிமன்றமும் நொத்தாரிசும் ஊருக்குள் வந்தபோதுதான் தெரிந்தது.

அப்போது கிடைத்த மாற்று என்ன? மிஷன் பள்ளிக்கூடம். வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்பில் தொடங்கியது பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். அந்த மெதடிஸ்தர்கள் மெல்ல மெல்லத் தெற்கே இறங்கினார்கள். கல்முனையின் வெஸ்லி உயர்தரப் பாடசாலை 1883 வரைக்கும் தன் வரலாற்றைக் கொண்டு போகிறது. கற்பித்தலில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாடசாலை எதற்காகத் திறக்கப்பட்டது என்பதை அவர்களும் மறைக்கவில்லை. நாள் வேதப்புத்தகத்தோடு தொடங்கியது.

அரசாங்கமும் அப்போது நடுநிலை என்று சொல்ல முடியாத இடத்தில்தான் நின்றது. 1834இன் பாடசாலை ஆணைக்குழுவில் தலைமை அங்கிலிக்கன் குருமாருக்கு. 1841இல் வந்த மத்திய பாடசாலை ஆணைக்குழு கொஞ்சம் தாராளமானது, அதிலும் கிறிஸ்தவ போதனை நடந்தது. ரிச்சர்ட் மோர்கன் தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரைத்த பின்னர்தான், 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் பிறந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடம் சமயம் கற்பிக்காது. மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு அவற்றின் பொதுப் பாடங்களுக்காக நன்கொடைப் பணம் கிடைக்கும். கடதாசியில் அழகான ஏற்பாடு. ஊரில் அதன் பலன் வேறு மாதிரி இருந்தது. பணமும் ஆளும் கட்டிடமும் ஏற்கெனவே யாரிடம் இருந்ததோ அவர்களுக்கே நன்கொடையும் போனது. கோப்பி அழிந்து திறைசேரி வற்றிய 1880களில் அரசாங்கம் தன் கையிலிருந்த பாடசாலைகளையும் மிஷன்களிடம் தள்ளிவிடப் பார்த்தது. வேறு சமயத்துப் பிள்ளையை, பெற்றோர் விருப்பமில்லாமல் சமய வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்ற மனச்சாட்சிப் பிரிவு சட்டத்தில் பலமாக ஏறியது 1920இல். அதற்குள் கரையோர முஸ்லிம் வாப்பா தன் முடிவை எடுத்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது.

சைவ வீடுகள் அதே நெருக்கடியைச் சற்றுத் துணிவாகவே கையாண்டன. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பையன் கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலைக்குப் போனான், பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரிக்கு. இரண்டு கிறிஸ்தவப் பாடசாலைகளையும் தாண்டி வந்து இராமகிருஷ்ண சங்கத்தில் துறவியானான். சுவாமி விபுலாநந்தர் என்று உலகம் அறிந்தது. முஸ்லிம் ஊர்களில் அப்படிப் போய்த் திரும்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பயம் இருந்தது, மெய்தான். ஒல்லாந்தர் காலத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயரின் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் திருமணமும் வாரிசுரிமையும் செல்லும் என்றிருந்த நிலையின் நினைவும் அந்தப் பயத்துக்கு அடியில் கிடந்தது என்று நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடமும் ஞானஸ்நானமும் ஒரே வாசலாக இருந்த காலத்தை ஒரு சமூகம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

கொழும்பிலும் கண்டியிலும் இதற்குப் பதில் 1880களிலேயே தேடப்பட்டது. அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நம் பிள்ளைக்கு ஆங்கிலமும் வேண்டும் மார்க்கமும் வேண்டும், இரண்டையும் நாமே கட்டிய பள்ளிக்கூடத்தில் கொடுப்போம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். எகிப்திலிருந்து 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த அறாபி பாஷா பக்கபலமானார். 1892இல் மருதானையில் பிறந்தது பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரி. அந்த யோசனை கிழக்குக் கரைக்கு வந்து சேர ஐம்பது வருடம் பிடித்தது. தூரமும் ஒரு காரணம். கல்லடிப் பாலம் 1924இல் திறக்கும் வரை மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே வர வாவியைத் தோணியில்தான் கடக்க வேண்டும். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். கொழும்பு ஸாஹிறாவின் விடுதிக்குப் பிள்ளையை அனுப்பப் பணமும் தைரியமும் இருந்த போடியார் குடும்பங்கள் சில அனுப்பின. மற்றவர்களுக்கு ஸாஹிறா ஒரு பெயர்.

இனி 1942. ஜப்பான் விமானங்கள் ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டுவிட்டுப் போயின. பர்மா அரிசி நின்றுவிட்டது. நாட்டுக்குச் சோறு போட நெல் விளையும் கரைகளைத் தேடிய அரசாங்கம் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரியைத் திறந்து, உதவி அரசாங்க அதிபராக ஒரு முப்பது வயதுக்காரரை அனுப்பியது. ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். வேலை, நெல் விளைவிப்பது. அவர் நெல்லோடு நிற்கவில்லை.

அஸீஸைப் புரிந்துகொள்ள அவர் எங்கே படித்தார் என்பதைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். முதலில் குர்ஆன் மதரஸா. பிறகு இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம். அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. இந்துக்கள் மிஷன் கல்விக்குப் பதிலாகத் தாங்களே நிறுவனம் கட்டி, அதற்குள் தங்கள் சமயத்தை வைத்து, ஆங்கிலக் கல்வியையும் விடாமல் பிடித்துக்கொண்டதை அவர் வகுப்பறைக்குள்ளிருந்தே பார்த்தவர். கல்முனையில் அவர் கண்டது அந்த வேலை தொடங்கவே படாத ஒரு முஸ்லிம் பிரதேசம். நெல்லுக்குக் குறைவில்லை, பள்ளிவாசலுக்குக் குறைவில்லை. உயர்கல்விக்குப் போன பிள்ளை இல்லை. இங்கேதான் காரைதீவு மண்ணின் விபுலாநந்த அடிகளோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. மெதடிஸ்தப் பாடசாலையில் படித்த சைவத் துறவியும், இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிம் அதிகாரியும் இந்தக் கரையின் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சின்னப் பொறாமை வரும். பிள்ளை எந்தச் சமயப் பாடசாலையில் படித்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த இருவருமே நடமாடும் பதில்கள்.

அஸீஸ் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். கட்டிடம் கட்டுவதை விட, படிக்கக்கூடிய ஏழைப் பிள்ளைக்குக் காசு கொடுப்பது அதன் முதல் நோக்கம். அந்தச் சிறிய சங்கத்தின் அனுபவத்தை வைத்துத்தான் 1945இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நாடு முழுவதற்குமாகத் தொடங்கினார். முஸ்லிம் கல்வியின் வரலாற்றைக் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கி எழுதுவதே வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் ஓட்டம் எதிர்த்திசையில் போனது. இங்கே நாற்று போட்டு அங்கே நட்டார்கள். 1948இல் அவர் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் கல்முனைக் கச்சேரியிலிருந்து தொடங்கலாம்.

அஸீஸ் இங்கே இருந்த அதே காலத்தில் கொழும்பில் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா வேறொரு வேலையில் இருந்தார். அவருடைய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. இலவசக் கல்வி, தாய்மொழிக் கல்வி, மத்திய மகா வித்தியாலயங்கள் ஆகியவற்றுக்காக அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சமயம் பற்றி அது எடுத்த நிலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1869இன் 'அரசாங்கம் சமயம் கற்பிக்காது' என்ற கொள்கை அத்தோடு கைவிடப்பட்டது. பெற்றோரின் சமயம் எதுவோ அதைப் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையே கற்பிக்க வேண்டும் என்றாயிற்று. சமயத்துக்காகத்தானே பெற்றோர் மிஷன் பாடசாலையையும் பெளத்த, சைவ சங்கப் பாடசாலைகளையும் தேடிப் போகிறார்கள். அதை அரசாங்கமே கொடுத்துவிட்டால் தனிப் பாடசாலைகளின் பிடி தளரும் என்பது கன்னங்கராவின் கணக்கு. அதில் அரசியல் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அதைச் சரியாகவே புரிந்துகொண்டு எதிர்த்தது. ரி.பி. ஜாயாவோ, கட்டணம் வாங்கும் கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்தும் இலவசக் கல்வியின் பக்கம் நின்றார்.

அதே பத்து வருடத்துக்குள் உலகம் இந்தக் கேள்விக்கு எப்படியெல்லாம் பதில் சொன்னது என்று பாருங்கள். இங்கிலாந்து 1944இன் சட்டத்தில் அரசாங்கப் பாடசாலைகளில் தினசரி வழிபாட்டையும் சமயக் கல்வியையும் கட்டாயமாக்கியது, விரும்பாத பெற்றோர் விலக்கிக்கொள்ள வழியும் வைத்தது. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1948இல், பொதுப் பாடசாலைக் கட்டிடத்துக்குள் சமய வகுப்பே கூடாது என்றது. இந்தியா 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் 28ஆம் உறுப்புரையை எழுதியது. இலங்கை இந்த மூன்றிலும் சேராமல், எல்லாச் சமயத்தையும் அரசாங்கச் செலவில் தனித்தனி வகுப்பில் கற்பிப்பது என்று போனது.

கரையோரத்தில் இதன் பலனைச் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 'கவர்மெண்ட் பள்ளிக்கூடம்' என்றால் நம்முடையதல்ல என்றிருந்த நிலை மாறியது. முஸ்லிம் ஊரில் முஸ்லிம் தலைமை ஆசிரியர், பாடவேளைக்குள் மார்க்கம் கற்பிக்க மௌலவி, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பே முடியும் பள்ளிக்கூடம், நோன்பு மாதத்தில் விடுமுறை. ஆசிரியர்களைப் பயிற்ற அட்டாளைச்சேனையில் 1940களின் தொடக்கத்திலேயே ஆசிரியர் கலாசாலை வந்திருந்தது; சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் பொத்துவிலிலும் கற்பித்த எத்தனையோ பேர் அதன் வாசல் வழியாக வந்தவர்கள். கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரின் முயற்சியில் 1949இல் கல்முனை ஸாஹிறா தொடங்கியது. பெயரில் கல்முனை, நிற்பது சாய்ந்தமருது மண்ணில். அந்த எல்லைப் பேச்சுக்குள் நான் இறங்கப் போவதில்லை, இறங்கியவர்கள் யாரும் நிம்மதியாகத் திரும்பி வந்ததில்லை.

மிகப் பெரிய மாற்றம் பெண்பிள்ளைகளிடம். வயதுக்கு வந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்று தயங்கிய உம்மாவிடம், அங்கே தொழுகை நேரம் உண்டு, தலையை மூடிப் போகலாம், ஓதலும் விட்டுப்போகாது என்று சொல்ல முடிந்தது. 1970களின் தொடக்கத்தில் மஹ்மூத் மகளிர் கல்லூரி கல்முனையில் எழுந்ததற்கும், அங்கிருந்து மருத்துவபீடத்துக்கும் சட்டபீடத்துக்கும் பெண்கள் போனதற்கும் பின்னால் இந்த நம்பிக்கை இருக்கிறது. சமயத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வைத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் வெளியே நின்றிருப்பார்கள் என்பது என் முடிவு. மதச்சார்பின்மை பற்றிக் கோட்பாடு பேசும் நண்பர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆனால் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பெற்றோரின் சமயத்தைக் கற்பிப்பது என்ற விதி, நடைமுறையில் பெற்றோரின் சமயத்தார் மட்டும் படிக்கும் பள்ளிக்கூடங்களை வளர்த்தது. நாட்காட்டியே பிரிந்தது. தமிழ்ப் பாடசாலைக்குத் தவணை நடக்கும்போது முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு விடுமுறை. அது முடிந்து இவர்கள் திரும்பும்போது அவர்களுக்கு விடுமுறை. 1966 முதல் 1971 வரை நாடே சனி ஞாயிறை விட்டுப் போயாவை வார விடுமுறையாக்கிக்கொண்ட கூத்தும் நடந்தது. அப்போது மட்டும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிக் குழம்பினார்கள். காரைதீவுப் பிள்ளையும் சாய்ந்தமருதுப் பிள்ளையும் ஒரே தமிழில், ஒரே பாடத்திட்டத்தில், ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்ததில்லை. மற்றவனின் சமயம் பற்றிப் பதினொரு வருடத்தில் பள்ளிக்கூடம் அவர்களுக்கு எதுவும் சொல்லித் தருவதில்லை என்றே சொல்லலாம். 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்து, அவர்கள் இடமாற்றப்பட்டு, விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரைக்கும் போனபோது, பலர் அதைத் திடீரென்று வெடித்த ஒன்றாகப் பார்த்தார்கள். அரசாங்கச் சம்பளத்தில் நடக்கும் பாடசாலை ஒரு சமயத்தின் பாடசாலையாகவும் இருக்கும் நாட்டில், வேறு சமயத்து ஆசிரியை என்ன உடுத்தலாம் என்ற கேள்வி எழுபது வருடம் காத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

மார்க்கத்துக்கும் ஒரு நட்டம். லெப்பையிடம் ஓதியது பிழைத்தால் அடி விழும். பரீட்சையில் பிழைத்தால் புள்ளி குறையும். ஏ சித்தி கிடைக்கச் சுலபமான பாடம் என்று பிள்ளைகள் இஸ்லாத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதை எந்த மௌலவி ஆசிரியரும் மகிழ்ச்சியோடு கேட்டிருக்க மாட்டார். பெற்றோரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் இஸ்லாம் கற்பித்தும் மாலை நேரக் குர்ஆன் மதரஸாக்கள் ஒன்றும் மூடப்படவில்லை. மௌலவி ஆசிரியர் நியமனமோ கல்விப் பிரச்சினையாக இருந்ததை விட அதிகமாக அரசியல் வாக்குறுதியாக இருந்து வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் நியமனம் கேட்கப்படும், கொடுப்பதாகச் சொல்லப்படும்.

இவ்வளவு நடந்தும் 1950களின் முடிவில் கல்முனையின் பெயர்பெற்ற ஆங்கிலப் பாடசாலைகள் மெதடிஸ்தரிடமும் கத்தோலிக்கரிடமுமே இருந்தன. கன்னங்கரா போட்ட கணக்கு பாதிதான் பலித்தது. மீதியை 1960இன் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் முடித்துவைத்தன. உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் தன் கைக்குள் எடுத்த அந்த நடவடிக்கையை முன்னின்று நடத்திய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிறாவின் அதிபராக இருந்தவர். மேற்கே கத்தோலிக்கத் தாய்மார் பாடசாலைகளுக்குள் குடியேறி மறியல் செய்த அந்த மாதங்களில் மெதடிஸ்தரின் வெஸ்லியிலும் கத்தோலிக்கரின் இன்றைய கார்மேல் பாத்திமாவிலும் என்ன மாறியது, எது மாறவில்லை என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.